தலையில் அடிபட்டதுண்டா?

இந்த நாட்டுக்காரர்கள் தாங்கள் அடி வாங்கிய கதையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். இத்தனை வருடமாகியும் அது எனக்குப் பழகவில்லை. லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், மூளையைப் படம்பிடிக்கும் ஸ்கேன் அறையில் நான் நர்ஸ். படம் எடுக்குமுன் நோயாளியிடம் சில கேள்விகள் கேட்டுத் தாளில் நிரப்ப வேண்டும். நான்காவது கேள்வி, தலையில் எப்போதாவது அடிபட்டதுண்டா என்பது. குதிரை உதைத்தது, கள்ளுக்கடையில் பாட்டிலால் அடித்தார்கள் என்று இவர்கள் வரிசையாக ஒப்பிப்பார்கள். ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் ஆம்பளையிடம் இதைக் கேட்டால் எழுந்து போய்விடுவான்.

போன வருடம் ஃபிராங்க் என்று ஒரு கிழவர் வந்தார். வாலிபத்தில் பாக்ஸிங் ஆடியவர். கை சும்மா இருக்கும்போதே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி உருட்டுவதுபோல ஓயாமல் உருண்டன. முகத்தில் அசைவில்லை. பார்க்கின்சன் நோய். நான்காவது கேள்விக்கு, "எண்ணி மாளாது" என்றார். பிறகு பக்கத்திலிருந்த மனைவியைக் காட்டி, "இவள்கூட ஒருமுறை வாணலியால் போட்டாள், அதுதான் பலமான அடி" என்றார். அந்த அம்மாள் வெட்கமே இல்லாமல் சிரித்தாள். என் கையிலிருந்து பேனா விழுந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, அவர் வாணலியை வீசுவதுபோல நடுங்கும் கையால் நடித்தே காட்டினார். நான் அழத் தொடங்கியதும் பயந்துபோய், "சாரி, லவ், சாரி" என்று, இந்த ஊரில் யாரையும் கூப்பிடும் வழக்கப்படி சொல்லி, என் தோளைத் தட்டினார். என்னைப் பயமுறுத்திவிட்டதாக நினைத்திருப்பார். எனக்கு என் அண்ணன் கோவிந்தனின் மண்டை உடைந்த சத்தம் கேட்டது.

அதை உடைத்தவள் நான்தான். எழுபதுகளின் தொடக்கம். செங்கத்தில் ஹாஸ்டலில் தங்கிப் பள்ளி முடித்திருந்தேன். வேலூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். மாமன் மகனுக்கு என்னைக் கொடுப்பதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அன்று காலை நான் வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தேன். அவன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு வெளியே வந்தான்.

"கண்டவன் மூத்திரம் அள்ளத்தான் படிக்க வச்சனா? இன்னாடி மொறைக்கிற?"

"லெட்டர இன்னாத்துக்குண்ணா கொளுத்துன?"

அதற்குள் என் சடை அவன் கையில் இருந்தது. இழுத்துப்போய் நிலைப்படியில் என் தலையை மோதினான். ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாவது மோதலில் நெற்றிக்கு மேலே கிழிந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. அம்மா கத்தினாள். அவன் களைத்துப்போய் என்னை விட்டுவிட்டுத் திரும்பினான். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஆத்திரம் வந்தால் கண் தெரியாது, இன்றும் அப்படித்தான். உரலில் சாய்த்திருந்த உலக்கையை எடுத்து, இரும்புப் பூண் போட்ட பக்கம் அவன் தலையில் படும்படி, இரண்டு கையாலும் வீசினேன். தேங்காய் உடைகிற சத்தம். உரலின் மேலேயே விழுந்தான். குத்தி வைத்திருந்த சாமையெல்லாம் சிவந்துபோனது. இன்னொரு முறை ஓங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா குறுக்கே விழுந்து தடுத்தாள்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனால் போலீஸ் கேஸ் ஆகும் என்று, துணியைக் கருக்கிச் சாம்பலை வைத்துக் கட்டினார்கள். மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தான். நான்காம் நாள் கூழ் கேட்டான். உடனே ஊர்க்கவுண்டர் ஊரைக் கூட்டினார். அவருக்கு அண்ணன் பிழைத்தது முக்கியமில்லை. பொம்பளை கையால் உலக்கையடி பட்டவன் என்ற பெயர் வந்தால் அவனுக்கு எவனும் பெண் கொடுக்க மாட்டான், பஞ்சாயத்தில் அவன் பேச்சு எடுபடாது.

"இந்த வூட்ல ஒண்ணும் நடக்கல. எவனும் எவளும் வாயத் தெறக்கக்கூடாது. அடிச்சவ மலைய வுட்டு எறங்கட்டும்."

கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றி, ஒவ்வொருவராக அதன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். அம்மாவும் செய்தாள். தலையில் போட்ட கட்டோடு அண்ணனையும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து செய்யவைத்தார்கள். என்னை மட்டும் கூப்பிடவில்லை. தூரத்தில் துணிமூட்டையோடு நின்று பார்த்தேன். செங்கத்துப் பள்ளி டீச்சர் வேலூருக்கு எழுதிப்போட்டு என்னைப் படிப்பில் சேர்த்துவிட்டார். சீமைக்கு எப்படி வந்தாய் என்று இங்கே தமிழர்கள் கேட்கும்போதெல்லாம் ஃபிளைட்டில் வந்தேன் என்று சொல்லிச் சிரிப்பேன். உண்மையில் அந்த உலக்கைதான் என்னை இவ்வளவு தூரம் வீசியது.

ஃபிராங்க் வந்துபோன சில வாரத்தில், அண்ணன் மகன் ஏழுமலையிடமிருந்து கடிதம். அம்மா சாகும்முன் என் முகவரியை அவனிடம் கொடுத்திருக்கிறாள். நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. 'அப்பாவுக்குக் கை உதறுது, நடை வரல, ஆவேசம்னு பூசை போடறாங்க. நீங்க பெரிய ஆஸ்பத்திரில இருக்கீங்க அத்த, எதுனா சொல்லுங்க' என்று எழுதியிருந்தான். லீவு போட்டுவிட்டுப் போனேன். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம். வழியெல்லாம் அண்ணன் என் பக்கம் முகத்தைத் திருப்பாமலே வந்தான். அவன் விரல்களும் பீடி உருட்டிக்கொண்டிருந்தன.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். மூளையைத் துண்டுதுண்டாக நறுக்கிக் காட்டும் படங்கள். ஒன்றில் வலதுபக்கம் ஒரு கறுப்புத் தழும்பு. அது எதுவென்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"இது ரொம்பப் பழைய காயம். தலையில எப்பவாவது பலமா அடி பட்டுதா?"

"இல்லீங்க," என்றான் அண்ணன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்ணும் ஆவலீங்க சார்."

"நான்தாங்க அடிச்சேன்," என்றேன். "உலக்கையால."

ஏழுமலை என்னைத் திரும்பிப் பார்த்தான். அண்ணன் நாற்காலியைப் பிடித்து எழுந்து என் கன்னத்தை நோக்கிக் கையை ஓங்கினான். கை வந்து சேரவில்லை, பாதியிலேயே நின்று உதறியது. வாங்கிக்கொள்ள நான் முகத்தைக்கூடக் காட்டினேன்.

"இவ யாருன்னே தெரியாது சார். எனக்குத் தங்கச்சியே கெடையாது."

அண்ணனை வெளியே உட்காரவைத்தபின் டாக்டரிடம் கேட்டேன், என்னால்தான் வந்ததா என்று. நோயை இந்தப் படம் காட்டாது, தழும்பை மட்டும்தான் காட்டும் என்றார். திரும்பத் திரும்ப அடிபடும் பாக்ஸர்களிடம் இந்த நோயைப் பார்த்திருக்கிறார்களாம். ஒரே அடியில் வருமா என்று அடித்துச் சொல்ல முடியாதாம், அடியே படாதவர்களுக்கும் வருகிறதாம். தூக்குத்தண்டனை என்றாலும் விடுதலை என்றாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன். இரண்டும் கிடைக்கவில்லை. எதனால் வந்திருந்தாலும் கொடுப்பது ஒரே மாத்திரைதான் என்று எழுதிக் கொடுத்தார். பஸ் ஏறும்போது ஏழுமலை, "நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம் அத்த" என்றான்.

திரும்பி வந்தபோது இங்கே காந்தத்தால் படம்பிடிக்கும் புது மெஷின் வந்திருந்தது. சோதித்துப் பார்க்க எங்களையே படுக்கச் சொன்னார்கள். வேலூருக்குப் பிறகு நான் என் விரல்களை அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன், அதனால் உடனே சம்மதித்தேன். கூட வேலை செய்யும் மார்கரெட் தாளோடு வந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். நான்காவதும் வந்தது. தலைவாரும்போது இன்னும் சீப்பு இடறுகிற தழும்பு, மயிருக்குள் இருந்தது. நிலைப்படியில் மோதிய மூன்று மோதலும் எனக்கு எண்ணிக்கையோடு ஞாபகம் இருந்தன.

"நோ," என்றேன்.

மார்கரெட் அப்படியே எழுதிக்கொண்டு என்னை மெஷினுக்குள் தள்ளினாள். அன்று ஊரே கோயில் முன்னால் நின்ற வரிசையில் எனக்கு இடம் கொடுக்கவில்லை. இத்தனை வருடம் கழித்து, சீமையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அந்தக் கற்பூரத்தின்மேல் நானும் கை வைத்துவிட்டேன்.