கொடைப் பந்தலில் சீறிய சவுண்ட் கார்டு

தாராவியில் அம்மன் கோவில் கொடை விழாவின் முதல் நாள் காலை, நான் விற்ற கம்ப்யூட்டர் பந்தல் முழுக்கச் சீறியது.

உஸ்ஸ்ஸ்ஸ்… பாட்டு ஓடும்போது கொஞ்சம் அமுங்கும். பாட்டு முடிந்ததும் தலையைத் தூக்கும். வேப்பிலை வாசனை, ஈரச் சாணத் தரை, தலைக்கு மேலே குழாய் ஸ்பீக்கரில் இந்தச் சீறல்.

வாங்கியவர் செல்லையா அண்ணாச்சி. மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். நான் அப்போதுதான் மாட்டுங்காவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்க ஆரம்பித்திருந்தேன். கேசட்டைத் திருப்பிப் போடவே வேண்டாம், ஒரு சிடி போட்டால் நாள் முழுக்கப் பாட்டு என்று சொல்லி அவரை மடக்கியிருந்தேன். அவரும் "இந்த வருசம் கம்ப்யூட்டர் பாட்டு" என்று தெருத் தெருவாகச் சொல்லி வைத்திருந்தார்.

விற்கும்போது நான் எடுத்து விட்ட பெரிய சரக்கு இதுதான்: "அண்ணாச்சி, பொட்டிக்குள்ள பாட்டுக்குன்னே இருக்குற இந்த சவுண்ட் கார்டுலயே ஆம்ப்ளிஃபயர் இருக்கு!"

வீடு நிறைய ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிற மனுசனிடம்… ஆம்ப்ளிஃபயரைச் சொல்லி விற்றிருக்கிறேன்! வியாபாரத்தில் அந்த வயசுக்கு அவ்வளவுதான் புத்தி.

கமிட்டித் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார்.

"என்ன அண்ணாச்சி இது? அம்மன் வாரதுக்கு முன்ன நாகம்மா வந்துட்டாளா?"

"கரண்ட்ல ஏதோ லோச்சா, கோளாறு தலைவரே. பக்கத்துல தையல் மிசின் ஓடுதுல்லா…"

"போன வருசமும் ஓடத்தான செஞ்சுது? உச்சிப் பூசைக்குள்ள சரி பண்ணும். இல்லன்னா வடாலா மைக் செட் பார்ட்டிக்குப் போன் போட்டுருவேன். அவன் டெம்போவோட ரெடியா நிக்கான்."

அண்ணாச்சி முகம் சுண்டிப் போனது. இந்தக் கொடை கைவிட்டுப் போனால் மற்ற கமிட்டிகளும் வடாலாக்காரன் பின்னால் போய்விடும். என் பக்கம் திரும்பினார்.

"ஏல, உன் பொட்டிய நம்பிப் பழைய டேப் டெக்க வித்துட்டேன்டே."

"யாருக்கு அண்ணாச்சி?"

"அந்த வடாலாக்காரனுக்குத்தான்!"

சிரிக்கக் கூடாத நேரம். அடக்கிக்கொண்டேன்.

ஒயரை மாற்றினேன். எர்த் கம்பி இழுத்தேன். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருவர் பெட்டிக்குத் திருநீறு பூசினார். கடைசியில் பாட்டை நிறுத்திப் பார்த்தேன், சீறல் நிற்கவில்லை. என் கார்டிலிருந்து போகிற ஒயரை உருவினேன்… கப்சிப்.

அப்போதுதான் உறைத்தது. கார்டுக்குள் இருந்த குட்டி ஆம்ப்ளிஃபயர் தன் இரைச்சலையும் சேர்த்து வெளியே அனுப்புகிறது. அண்ணாச்சியின் பெரிய ஆம்ப்ளிஃபயர் அதை வாங்கி ஊருக்கே ஊதுகிறது. நான் பெருமையடித்த அதே ஐட்டம்!

மூடியைத் திறந்து கார்டை உருவினேன். ஓரத்தில் குட்டிக் குட்டிக் கம்பிகள், அவற்றின் மேல் அரிசி அளவில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி. ஜம்பர் என்போம். அதைப் பிடுங்கிப் பக்கத்துக் கம்பியில் சொருகினால், சத்தம் குட்டி ஆம்ப்ளிஃபயருக்குள் போகாமல் நேராக வெளியே வந்துவிடும். நகத்துக்கு அகப்படவில்லை. பொங்கல் பானைப் பக்கமிருந்து ஒரு அக்கா தலையிலிருந்த ஹேர்பின்னை உருவிக் கொடுத்தார்.

மாற்றிப் போட்டு ஆன் செய்தேன். பெண்கள் பக்கத்துக் குழாய் சுத்தம். ஆண்கள் பக்கத்தில்… உஸ்ஸ்ஸ்ஸ்.

"வெசம் எந்தப் பக்கம்னு ஆத்தாளே காட்டிட்டா!" என்றார் ஹேர்பின் அக்கா.

பெண்கள் பக்கம் வெடித்த சிரிப்பில் தலைவரே வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டார்.

இடது பக்கச் சத்தத்துக்கு ஒரு ஜம்பர், வலதுக்கு ஒரு ஜம்பர். நான் ஒன்றைத்தான் மாற்றியிருந்தேன். இரண்டாவதையும் மாற்றினேன். பாம்பு போயே போச்சு.

"சத்தம் கொறஞ்சிட்டேடே…"

"உங்க ஆம்ப்ளிஃபயர ஏத்துங்க அண்ணாச்சி. அதுக்குத்தான வச்சிருக்கீய?"

ஏற்றினார். பாட்டு மாஹிம் வரைக்கும் கேட்டிருக்கும். தலைவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து கேட்டார். "ம்… ஓட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்ததே அதற்கப்புறம்தான்.

உட்கார்ந்த உடனே அடுத்தது. கமிட்டி இளந்தாரிகள் இரண்டு பேர் ஜாய்ஸ்டிக்கோடு வந்து நின்றார்கள். "அண்ணாச்சி, பின்னால கேம் சொருகுற எடம் இருக்காம்லா… பாட்டு பாட்டுக்கு ஓடட்டும், நாங்க ஒரு ஆட்டம்…"

"ஏல தம்பி, அதையும் பந்த் பண்ணி மூடுல!"

அதே கார்டில் அதற்கும் ஒரு ஜம்பர் இருந்தது. கழற்றினேன்.

பிறகு அண்ணாச்சி நிதானமாக ஆரம்பித்தார். "ஆம்ப்ளிஃபயர எடுத்துட்ட. கேமையும் எடுத்துட்ட. அப்ப நீ சொன்ன வெல, அந்த பாவ் கொறயணும்லா?"

"பாம்பு புடிச்ச கூலி நான்லா கேக்கணும் அண்ணாச்சி!"

இப்போது அந்தப் பந்தலில் ஒரு போன், ஒரு புளூடூத், வேலை முடிந்தது. சீறல் கிடையாது, நல்ல விஷயம்தான். ஆனால் என் போனில் வேண்டாத ஒரு வசதியை நிறுத்த, செட்டிங்ஸுக்குள் செட்டிங்ஸாக நுழைய வேண்டியிருக்கிறது. அடுத்த அப்டேட்டில் அது தானாகவே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அன்றைக்குப் பிடுங்கினால் பிடுங்கியதுதான்… அந்தத் திருப்தி இப்போது எந்த மெஷினிலும் கிடைப்பதில்லை.

அன்று நானும் அண்ணாச்சியும் பேசி முடித்தது இவ்வளவுதான்: பேசிய விலையில் பைசா குறைப்பு இல்லை. கழற்றிய ஜம்பர் அவருக்கே சொந்தம். கொடை முடிகிற வரை நான் பெட்டியை விட்டு நகரக் கூடாது, சாப்பாடு அவர் பொறுப்பு. இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை மைக்கில் என் கடைப் பெயர்… இலவசமாக.