கைதான் வாய்க்கு வரணும்

சேதி எனக்குக் குன்றக்குடி டவுன் பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "சிக்கந்தர் பாய் மௌத்தாயிட்டாக, தெரியுமாண்ணே? விடியக்காலம் நெஞ்சு வலியாம்" என்றார். அவர் தோள்பட்டைக்கும் பாய்தான் வைத்தியம் பார்த்தவர். நான் மலையடிவாரத்தில் இறங்கவில்லை. அதே பஸ்ஸில் காரைக்குடிக்குத் திரும்பிவிட்டேன்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். பாயிடம் போய்க் கையையும் காலையும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தவர்கள் இந்த ஊரில் பலர். அவரைத் தெரியாத உங்களுக்காகச் சொல்கிறேன்.

சந்தையில் மூட்டை தூக்கியவன் நான். பக்கவாதம் வந்து வலது கை தொங்கிவிட்டது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டேன். மகள் புதுவீடு புகுந்த அன்று பந்தியில் சம்பந்திக்குப் பக்கத்தில் எனக்கு இலை போட்டார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் இடது கையால் சோற்றைத் தொட முடியுமா? வந்த நோயைவிட எனக்கு அதுதான் பெரிய கவலை.

பாய் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவர். ரயில்வே ஸ்டேஷன் போகும் வழியில் அவர் அறை. சுவரில் பெரிய டிவி, அதன் அடியில் செங்கல் நீளத்தில் கறுப்பாக ஒரு கேமரா. உடம்பில் ஒயர் எதுவும் மாட்டமாட்டார். எதிரே போய் நின்றால் டிவிக்குள் ஒரு குச்சி மனிதன் நிற்பான். நாம் அசைந்தால் அவனும் அசைவான். முதல் நாள் அவன் வலது கையும் என்னுடையதைப் போலவே தொங்கியது.

"என்னண்ணே, அவனையே பாக்குறீக?"

"இவனுக்கும் வாதமா பாய்?"

"நீங்க தூக்குங்க. அவனுக்குச் சரியாயிரும்."

மரத்தில் ஆப்பிள் பறிக்கும் விளையாட்டு ஒன்று அதில் இருந்தது. "ஆப்பிள் பறிச்சு நான் என்ன செய்ய? எனக்குச் சோறு திங்கணும்" என்றேன். பாய் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவர்களைக் கூட்டிவந்து, வயிற்றருகே இருக்கும் கை வாய்க்குப் போனால் பச்சை எரிகிற மாதிரி மாற்றி வைத்தார். படிக்காதவனுக்குப் பச்சையும் சிவப்பும் போதும்.

சில வாரத்தில் எனக்குப் பச்சை எரிந்தது. முழங்கால் வலிக்கு வந்திருந்த மீனாள் ஆச்சி, "மூடைக்காரவுக பாசாயிட்டாக! பாய், மிட்டாய் எங்க?" என்றார். பாய் மட்டும் பக்கவாட்டில் வந்து நின்று பார்த்தார். கை பாதி தூரம்தான் வந்திருந்தது. மீதித் தூரத்துக்கு என் தலை குனிந்து போயிருந்தது. கையும் வாயும் கிட்ட வந்தால் மிசினுக்குப் போதும். எது எதைத் தேடிப் போனது என்று அதற்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

"மிசின ஏமாத்திட்டீக. பந்தியில பக்கத்துல உக்காந்தவன ஏமாத்த முடியுமா? வாய் கைக்குப் போகக் கூடாதுண்ணே. கைதான் வாய்க்கு வரணும்."

மிசினைத் திருத்த ஆள் வரும்வரை பாய் சும்மா இருக்கவில்லை. என் துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அதன் மேல் ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்தார்.

"மந்திரிக்கிறீகளா பாய்?" என்றார் ஆச்சி.

"மூடை சொமந்த தல ஆச்சி. இந்த ஒத்தப் பழத்தச் சொமக்காதா?"

சுமக்கவில்லை. உருண்டு உருண்டு ஆச்சி காலடிக்குத்தான் போனது. "எனக்கு ஊறுகாய்க்கு ஆச்சு" என்று அவர் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தலை குனிந்தால் சிவப்பு எரிகிற மாதிரி மிசினைத் திருத்திய பிறகு எனக்குச் சிவப்பாகவே எரிந்தது. இனி வரமாட்டேன் என்றேன். "செவப்பு எரிஞ்சாத் திட்டுறதா நெனைக்காதீக. அதுக்குத் திட்டத் தெரியாது. திட்டத்தான் நான் இருக்கேன்ல" என்றார். திட்டவும் செய்தார். வாய் கடுமைதான் அவருக்கு. ஊரையே நடக்கச் சொன்னவர், தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டரில் போவார். கேட்டால் கோபம் வரும்.

"சரியானதும் எங்க வீட்டுல ஒரே சகன்ல சாப்புடுவோம்" என்று சொல்லி வைத்திருந்தார். சகன் என்பது நாலு பேர் சுற்றி உட்கார்ந்து உண்ணும் பெரிய தட்டு. அதில் இடது கைக்கு இடமே இல்லை. கை மேலே வந்த பிறகும், நடுங்குகிறதே, சிந்துமே என்று நான் நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். அவர் போய்விட்டார்.

அவர் இறந்த நாற்பதாம் நாள், பாத்திஹா ஓதிச் சாப்பாடு போடுவதற்குக் கூப்பிட்டார்கள். பாயின் தம்பி என்னைச் சகனில் உட்கார வைத்து, "அண்ணன் ஒங்களப் பத்திச் சொல்லியிருக்காக. எடுங்க" என்றார். கை நடுங்கியது. நாலு பருக்கை விரிப்பில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை, இல்லை, பார்த்தும் பேசவில்லை. பாய் இருந்திருந்தால் சிந்தியதைப் பார்த்திருக்க மாட்டார். பக்கவாட்டில் நின்று என் கழுத்தைத்தான் பார்த்திருப்பார். கழுத்து நிமிர்ந்தே இருந்தது.

அந்த அறை பூட்டிக் கிடக்கிறது. மிசினை யார் எடுத்து நடத்துவார்களோ தெரியாது. அவர் கொடுத்ததில் என்னிடம் இருப்பது ஒன்றுதான். சாப்பிட உட்காரும்போது நான் இப்போது கதவைச் சாத்துவதில்லை.