எறும்பு மொய்க்கிறதா என்று கேட்டார்கள்

சர்க்கரை நோய் வராமல் காப்பது எப்படி என்று ஏதாவது பள்ளிக்கூட வாசலில் பதாகை கட்டியிருந்தால் எனக்கு இப்போதும் வயிறு எரியும். பிள்ளைகளுக்கு அதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதுதான். ஆனால் நான் ஆறாவது படித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்த கூட்டத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

எங்கள் ஊர் நைனார்பாளையத்துக்குப் பக்கம். இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜனங்கள் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டு மறித்த வருஷம் அது. அக்கா அதே பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது. ஓட்டத்தில் பையன்களையே முந்துகிறவள், இரண்டே மாதத்தில் பாவாடை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போனாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். ஒரு பாடவேளை முடிவதற்குள் இரண்டு தரம் வெளியே போகக் கேட்டாள் என்று வகுப்பு ஆசிரியர் அவளைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தினார். வளர்கிற பெண்ணுக்குச் சத்து போதவில்லை என்று நினைத்த அம்மா, கல்வராயன் மலையிலிருந்து தேன் கொண்டுவந்து விற்கிற பெண்ணிடம் ஒரு பாட்டில் வாங்கி, காலையில் ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி என்று ஊட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் வந்தார். மொத்தப் பள்ளிக்கூடத்தையும் மைதானத்தில் உட்காரவைத்து ஒரு படத்தை மாட்டினார். அதில் தொப்பை பெருத்த ஒரு ஆள் லட்டு தின்றுகொண்டிருந்தான். நாங்கள் கல்யாணத்தில் மட்டும் லட்டைப் பார்த்தவர்கள். ஆளுக்குப் பக்கத்தில் நோயின் அறிகுறிகளை வரிசையாக எழுதியிருந்தார்கள். அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், உடல் இளைப்பு, அசதி. அவர் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, பிள்ளைகள் தூங்கி வழிவதைப் பார்த்தோ என்னவோ, "ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்கிறத யாராச்சும் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடமே சிரித்தது. நான் கையைத் தூக்கினேன். பதில் தெரிந்த கேள்வி வந்தால் கையைத் தூக்க வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"எங்க அக்காவுக்கு மொய்க்குது சார்."

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவரும் சிரித்தார். அக்காவை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, "இனிப்பு ஜாஸ்தி தின்னுவியா?" என்றார்.

"அம்மா தேன் குடுப்பாங்க சார்" என்றாள் அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"பாத்தீங்களா? வாயக் கட்டலன்னா இந்த வயசுலயே இப்படித்தான்" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார். கூட்டம் முடியும்வரை அக்கா அந்தப் படத்தின் பக்கத்திலேயே நின்றாள். எழுதியிருந்த அத்தனை அறிகுறியும் அவள் உடம்பில் இருந்தன. அந்த மனிதருக்கு அது தெரியவில்லையா? தலைமையாசிரியருக்கு? இவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொடுக்க அங்கே ஒருவருக்கும் கை வரவில்லை. தலைமையாசிரியர் நன்றி சொன்னார், வந்தவர் டீ குடித்துவிட்டுப் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்.

"இனிமே எங்கூட வராத" என்று சொல்லிவிட்டு அக்கா தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

விஷயம் தெரிந்ததும் அப்பா தேன் பாட்டிலைத் தூக்கிக் கொல்லையில் எறிந்தார். அம்மா வெல்லப் பானையை எடுத்து ஒளித்துவைத்தாள். ஊர் சிரித்த அவமானத்தில் அக்கா சோற்றையும் குறைத்துக்கொண்டாள். வாயைக் கட்டினால் சரியாகிவிடும் என்று பாவம், எல்லோருமே நம்பினோம். பத்தாம் நாள் காலையில் வாந்தி எடுத்தாள். மூச்சு தஸ்ஸு புஸ்ஸென்று வாங்கியது. வாயில் அழுகிய பழ வாசனை அடித்தது.

அன்று பஸ் கிடையாது. அப்பா மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி அவளைக் கிடத்தினார். அம்மா கால்மாட்டில் உட்கார்ந்தாள்; அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். நாலு மைல் போவதற்குள் ஒரு புளியமரம் சாலையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் சித்தப்பாவும் இருந்தார்.

"வண்டிய திருப்பு. ஒருத்தரையும் வுடக் கூடாதுன்னு முடிவு" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

"எதுக்குடா இதெல்லாம்?" என்று அப்பா கத்தினார்.

"நம்ம புள்ளைங்க படிக்கத்தாண்ணே" என்றார் சித்தப்பா.

"படிக்கிற புள்ள இங்க கெடக்குது. இன்னான்னு வந்து பார்ரா!"

சித்தப்பா இறங்கி வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். அடுத்த நிமிஷம் அக்காவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மரத்தின் மேல் ஏறினார். யாரும் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு வழியில் இன்னும் மூன்று மரங்கள். அவரும் அப்பாவும் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். நானும் அம்மாவும் பின்னாலேயே ஓடினோம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உச்சிப் பொழுது தாண்டிவிட்டது.

அக்கா பிழைத்தாள். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை தினமும் ஊசி போட்டுக்கொள்கிறாள்.

ஆனால் முதல் நாள், அவளுக்கு ஊசி ஏற்றிவிட்டு வெளியே வந்த டாக்டர், இந்தத் தாகம் எத்தனை நாளாக என்று அம்மாவிடம் கேட்டார். ரெண்டு மாசமா என்றாள் அம்மா.

"இவ்ளோ நாளா யாருமே எதுவுமே சொல்லலியா?"

"பள்ளிக்கூடத்துலயே சொன்னாங்க சார். இவ தங்கச்சி எறும்பு மொய்க்குதுன்னு சொல்ல, அல்லாரு எதிரிலயும் நிக்கவச்சி, இனிப்பு துன்னதாலதான்னு சொன்னாங்க. நிறுத்திட்டோம் சார்."

"இனிப்பு தின்னு வந்ததில்லம்மா இது. உடம்புல சுரக்க வேண்டியது இவளுக்குச் சுரக்கல" என்றவர், சட்டென்று நிறுத்தி, "எப்ப சொன்னாங்க?" என்று கேட்டார்.

"பத்து நாளாவுது."

"பத்து நாளா!" அவர் மேஜையில் ஓங்கி அறைந்ததில் கண்ணாடிக் குப்பி ஒன்று உருண்டு கீழே விழுந்து உடைந்தது. நான் அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டேன். அத்தனை கோபமும் என் மேல்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பத்தாவது முடிக்கும்வரை எந்த வகுப்பிலும், எந்தக் கேள்விக்கும் நான் கையைத் தூக்கவேயில்லை.