கறுப்புக் கல்லில் கால் படாமல்

வைட்ஃபீல்டில் எங்கள் அலுவலகக் காபி இயந்திரத்துக்கு முன்னால் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கற்கள் பதித்த தரை. ஒருநாள் எங்கள் டீம் லீடர் கோப்பையும் கையுமாக ஒரு வெள்ளைக் கல்லிலிருந்து, அதன் மூலையைத் தொடும் இன்னொரு வெள்ளைக் கல்லுக்கு எட்டி வைத்தாள். காபி சுரிதாரில் சிந்தியது. "பாத்தீங்களாக்கா? கறுப்புல கால் படவே இல்ல. ஆனா தோள் அதுமேல போயிடுச்சு. அமெரிக்காவுல அதுக்கும் கேஸ் போடுவாங்க."

வேலூர்ப் பெண். என்னைவிட மிகவும் இளையவள். நேரில் 'மேடம்' என்பேன். மனசுக்குள் எப்போதும் 'அவள்'தான். அமெரிக்க நில வரைபடங்களில் எந்தக் கட்டம் யாருடையது என்று பார்த்துக் கணினியில் பதிவது எங்கள் வேலை. மேற்கு மாநிலங்களில் சில இடங்கள் சதுரங்கப் பலகை போலிருக்கும்: மஞ்சள் அரசாங்கத்துடையது, வெள்ளை தனியாருடையது. ஏன் இப்படி என்று கேட்க, பத்தாவதோடு நின்ற எனக்கு வெகுநாள் வாய் வரவில்லை. கேட்டபோதுதான் அந்தத் தாண்டல். ரயில் கம்பெனிகளுக்கு ஒன்றுவிட்டு ஒரு கட்டமாக நிலத்தைக் கொடுத்தார்களாம். மீதியில் நிறைய விற்றும், குடியேறியவர்களுக்குக் கொடுத்தும் போக, யாரும் வேண்டாமென்ற வறண்ட நிலமும் மலையும் அரசாங்கத்திடமே தங்கிப் பொதுவாயின. "அதுக்கு முன்னாடி யாரோடது மேடம்?" என்றேன். சிரிப்பு போய்விட்டது அவளுக்கு. "அங்கயே இருந்த பழங்குடிங்களோடது. புடுங்கிட்டாங்க. அவங்களுக்கு மிச்சம் மேப்புல ஓரமா இருக்கிற துண்டுங்கதான்." நாலு பக்கமும் தனியார் கட்டங்கள் சூழ்ந்த மஞ்சள் கட்டங்களுக்குப் போக வழியே இல்லை. தனியார் நிலத்தில் கால் படாமல், மூலையில் ஏணி வைத்து ஒரு மஞ்சளிலிருந்து அடுத்த மஞ்சளுக்குத் தாண்டியவர்கள்கூட உண்டாம்.

அந்த வருஷம்தான் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாநகராட்சியின் சின்ன மைதானம். சமதரை. ஒரு பக்கம் கால் இழுத்தாலும் அங்கே மட்டும் அவர் பயமில்லாமல் நடப்பார். தெருவில் இறங்கினால் ஆட்டோக்காரன் திட்டுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைதானத்துக்குப் போகும் ஒரே சந்தில் இரும்புக் கேட், அதில் பூட்டு. அந்தச் சந்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தபடியே சொன்னார்: "மைதானம் கவர்மென்ட்து, யாரு இல்லேன்னாங்க? ஆராமா ஹோகி, தாராளமா போங்க. ஆனா சந்து நம்மது."

என் கணவரைக் கைப்பிடித்து வீட்டுக்குத் திரும்பக் கூட்டி வந்தேன். மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே இருந்ததில் அவர் கால் மறுபடி மரத்துப்போனது. டீம் லீடரிடம் சொன்னபோது, "ஏணி வாங்கித் தரட்டுமாக்கா?" என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு, "அண்ணனால ஏணி ஏற முடியாது. கேட்டாண்ட சேர் போட்டு உக்காருங்க. நீங்கதான் வாயே தொறக்க மாட்டீங்களே, உக்கார்றதுக்கு வாய் எதுக்கு?" என்றாள்.

உட்கார்ந்தோம். தினமும் சாயங்காலம், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். சந்து வீட்டுக்காரர் ஸ்கூட்டர் வந்தால் நகர்த்துவேன், போனதும் பழையபடி போடுவேன். தெருவே பார்த்தது. கூச்சத்தில் எனக்குக் கழுத்தெல்லாம் வியர்க்கும். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. ஒரு மழை நாளில் குடைக்குள் நாங்கள் உட்கார்ந்திருக்க, வீட்டுக்காரர் பூட்டைத் திறந்தார். "பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் வரச் சொல்லிக் கூப்பிட்டார். "இவரு மட்டும் போகலாம். வேற யாருக்கும் இல்ல."

என் கணவர் எழுந்துவிட்டார். அவர் கால் ஆசைப்பட்டது எனக்குத் தெரியும். சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். "எல்லாருக்கும் தெறங்க சார்" என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"எல்லாருக்குமா? நீங்க என்ன நம்ம வார்டு கார்ப்பரேட்டரா?"

"இல்ல சார். நாளைக்கும் வருவோம்."

அன்று நடக்காமலே திரும்பினோம். என்னவர் ராத்திரி என்னோடு பேசவில்லை. மறுநாள் தெருவிலிருந்து வேறு நாற்காலிகளும் வந்து சேர்ந்தன. பந்தோடு பிள்ளைகளும் வந்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் வீட்டுக்காரர் பூட்டைக் கழற்றிவிட்டார், திட்டிக்கொண்டேதான். கேட் இன்னும் இருக்கிறது. என்றைக்கு வேண்டுமானாலும் பூட்டலாம். நாற்காலிகளை நான் உள்ளே எடுத்து வைக்கவில்லை, வாசலிலேயே இருக்கின்றன.

டீம் லீடர் வேறு ஊருக்கு, வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். காபி எடுக்கப் போகும்போது அந்தத் தரையைப் பார்ப்பேன். முன்பெல்லாம் சுவரை ஒட்டி, யார் கண்ணிலும் படாமல் போவேன். இப்போது கறுப்பு, வெள்ளை எல்லாவற்றிலும் கால் பதித்து நடுவிலேயே நடக்கிறேன்.