செக் சாடியும் கண்ணில்லாத குருவியும்

பித்தளைக் குடத்திலிருந்து சோற்றுக் கரண்டிவரை அம்மா எல்லாவற்றிலும் தன் பெயரின் முதலெழுத்தை வெட்டுவித்திருந்தாள். கலியாண வீட்டுக்கு இரவல் போன சாமான் அங்கேயே குடியேறிவிடக் கூடாதே. ஊரில் எல்லாரும் செய்கிற வேலைதான். ஆனால் கண்ணாடிப் பூச்சாடியின் அடியிலும் எழுத்துப் போட்டவள் என் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள். படங்களுக்குக் கண்ணாடி வெட்டுகிற கடையில் கொடுத்து, வைர ஊசியால் கீறுவித்திருந்தாள்.

சாடிகள் ஒரு சோடி. அப்பா கொழும்பில் வேலை பார்த்தபோது வாங்கி வந்தவை. இளநீலக் கண்ணாடி, சுற்றிவரக் கொடியும் குருவிகளும் புடைத்து நிற்கும். அம்மா இறந்த பிறகு, அவள் சொல்லிவைத்தபடி அக்காவுக்கு ஒன்றும் எனக்கு ஒன்றுமாக வந்தன. எழுத்துப் போட்டது எனக்கு.

பிரித்த அன்று அத்தான் இரண்டையும் திருப்பிப் பார்த்தார். அக்காவின் கணவரான அவர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். வானொலிப் பெட்டி என்றாலும் வாழைக்குட்டி என்றாலும் அவரிடம் ஒரு தீர்ப்பு இருக்கும். அக்காவின் சாடியில் மங்கலாக ஒரு வட்ட முத்திரை, செக்கோஸ்லோவாக்கியாவில் செய்தது என்று ஆங்கிலத்தில். என்னுடையதில் அம்மாவின் எழுத்து மட்டும்.

"இதுதான் ஒறிஜினல். முத்திரை இருக்கிறபடியா மாமி ஒண்டும் போடேல்லை. மற்றது அதைப் பார்த்து இஞ்சை செய்த சாமான். அதாலைதான் மாமி தன்ரை எழுத்தைப் போட்டவ" என்றார்.

கோட்டில் வாதாடுகிற அப்புக்காத்துமாரே தோற்றுப்போகிற நியாயம். நானும் நம்பிவிட்டேன். சாடி போனால் போகட்டும்; அம்மா மூத்தவளுக்கு அசலையும் எனக்குப் போலியையும் பிரித்து வைத்தாளா என்பதுதான் என்னைத் தின்றது. அக்கா அப்போது குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதொன்றும் தெரியாது. எனக்கோ கோபம் வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். கொழும்புத்துறைக்கு, அவள் வீட்டுக்குப் போவதை அடியோடு நிறுத்திவிட்டேன். கோயிலில் பெருநாள் பூசையில் கண்டால் "சுகமோ", "ஓம், சுகம்". அவ்வளவுதான் எங்கள் உறவு.

மனம் கேட்காமல் ஒருமுறை யாழ்ப்பாணத்தில் பழைய பீங்கான் விற்கிறவரிடம் என் சாடியைக் கொண்டுபோய்க் காட்டி, முத்திரைக் கதையையும் சொன்னேன்.

"அந்த நாட்டுச் சாமான் எல்லாத்திலையும் முத்திரை இராது, தங்கச்சி. கன சாமானிலை கடதாசித் துண்டுதான் ஒட்டி வரும். நாலுதரம் கழுவினால் போச்சு. பிறகு அச்சைப் பார்த்துத்தான் எந்தப் பட்டறை எண்டு பிடிக்கோணும். சோடியையும் கொண்டு வாங்கோ, பக்கத்திலை வைச்சுப் பாப்பம்" என்றார்.

சோடி கொழும்புத்துறையில். அங்கே போய் நான் கேட்பதா? தலை போனாலும் நடக்காது என்று உரும்பிராயில் என் வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் நைஜீரியாவுக்குப் போகத் தொடங்கினார்கள். அத்தானுக்கும் வேலை சரிவந்தது. குடும்பமாகப் போகிறார்கள், எப்போது வருவார்களோ தெரியாது என்று கதை வந்தது. இப்போது போகாவிட்டால் அக்காவை இனிக் காண்பேனா?

"போய்ப் பார்த்திட்டு வாவன். உன்ரை கோபத்தையும் கப்பலிலை ஏத்தி அனுப்பு" என்றார் என் கணவர்.

சாடியைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். போலி என்றால் போலி, என் கண்ணாலேயே பார்த்துவிடுவோம் என்ற வீம்பு.

அக்கா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய சாடி மேசையில் நின்றது. சுகம் விசாரிக்கக்கூட நில்லாமல் என்னுடையதைப் பக்கத்தில் வைத்துத் திருப்பினேன். யேசு பிறந்த நாளுக்கு வீடு துப்புரவாக்கும்போது, நத்தாருக்கு நத்தார் துடைத்துத் துடைத்து என் விரல் அறிந்த குருவி ஒன்று அதில் இருந்தது. அதற்குக் கண் இல்லை. அச்சில் அந்த இடம் தூர்ந்திருக்க வேண்டும். அக்காவுடையதை மெல்லத் திருப்பினேன். அதே கொடி, அதே கிளை, அதே குருவி. அதற்கும் கண் இல்லை.

ஒரே பட்டறை, ஒரே அச்சு. நான் பக்கத்துக் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டேன்.

"என்னடி செய்யுது?" என்று அக்கா பதறினாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"விசரி, இதுக்கே என்னோடை கதையாமல் இருந்தனீ?" என்றவள் என் சாடியைக் கவிழ்த்து அந்த எழுத்தைத் தடவினாள். "இது கீறேக்கை நானும் அம்மாவோடை போனனான். மற்றதிலையும் போடட்டோ எண்டு கடைக்காரர் கேட்டவர். ஒண்டிலை போட்டால் காணும், உதுகள் ரெண்டும் ஒருநாளும் பிரிஞ்சு போகாது எண்டு அம்மா சொன்னவ."

இருவருக்கும் அழுகை வந்துவிட்டது. வாசலில் நின்ற அத்தான், "எண்டாலும் அந்த முத்திரை..." என்று தொடங்கினார்.

"நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ" என்றாள் அக்கா. தன் சாடியையும் அதே துவாயில் சேர்த்துச் சுற்றி என் பையில் வைத்தாள். "நான் வருமட்டும் ரெண்டும் உன்னட்டை நிக்கட்டும்."

உரும்பிராய் வரை பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.