கதவில் கட்டிய வேப்பிலை

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் திருத்தணியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். அப்பாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. காலை வண்டியில் வந்து சாயங்கால வண்டியில் வீடு திரும்புவேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், மீதிப் பேர் தெலுங்கு. எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டும். இரண்டு தரமும் தப்பாகவே புரிந்துகொள்வார்கள்.

பட்டாளத்து வண்டிகள் நேரம் காலம் இல்லாமல் ஓடத் தொடங்கியதும் எங்கள் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "பசங்க தண்டவாளத்தைத் தாண்டித்தாம்மா வருதுங்க. செவப்புக் கொடின்னா என்னா, பச்சைக் கொடின்னா என்னான்னு சொல்லிக் குடு. அப்படியே மத்த அடையாளங்களையும் சொல்லிடு. ஒரு வாரம் போதும்" என்றார். அவர் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

பழைய ரவிக்கைத் துணியைக் கிழித்துக் கொடிகள் தைத்தேன். சிவப்பைத் தூக்கினால் நிற்க வேண்டும், பச்சையைத் தூக்கினால் போகலாம். பிள்ளைகள் முற்றத்தில் ரயிலாக ஓடினார்கள், நின்றார்கள். பாடம் முடிந்தது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மணி அடித்து வெகுநேரம் ஆகியும் பாதி வகுப்பு வரவில்லை. கடைசியில் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள்.

"ஏண்டா இவ்ளோ நேரம்?"

"ஒரு அம்மா சேப்புப் பொடவை கட்டிகினு கடை வாசல்ல நின்னுகினு இருந்தாங்க டீச்சர். அவங்க போறவரிக்கும் நாங்களும் நின்னுகினு இருந்தோம்."

சிவப்புக்கு நிற்பது ரயில் பாதையில் மட்டும்தான் என்று தமிழில் சொன்னேன், தெலுங்கில் சொன்னேன். உடனே ஒருத்தி எழுந்து, அப்படியானால் அம்மா நெற்றியில் இருக்கிற சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவன், மலைக்குப் போய் மொட்டை போட்டால் வேண்டுதல், ஆனால் தன் தாத்தாவுக்கு எப்போதும் மொட்டையாகவே இருக்கிறதே, அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்றான். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அந்த வாரம்தான் கூட்டல் குறியும் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த நாள் காலை ஜெபத்தில் சிலுவைக்கு முன்னால் எல்லாரும் கண்ணை மூடி நிற்கும்போது, ஒரு குரல் மட்டும் சத்தமாகக் கேட்டது. "டீச்சர், செவுத்துல எதுக்குக் கூட்டல் மாட்டிக்கிறாங்க? எத்தோட எத்தக் கூட்டணும்?"

பெரிய டீச்சர் கண்ணைத் திறந்து பார்த்தது பிள்ளையை அல்ல, என்னை.

இப்படிக் கேட்டது ஒரு சின்னப் பெண். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா இல்லை, அம்மா மலையடிவாரத்தில் பூ கட்டி விற்றாள். இவளிடம் எதைச் சொன்னாலும் அதற்கு அடுத்த கேள்வி தயாராக இருக்கும். வேப்பிலை கட்டிய வீட்டுக்கு என்ன அர்த்தம் என்று ஒருநாள் கேட்டாள்.

"அந்த வீட்டில் அம்மை கண்டிருக்கிறது. வெளியாள் உள்ளே போகக் கூடாது" என்றேன்.

"யாருமே வரக் கூடாதா?"

"யாருமே."

"மாமா கூடவா?"

"மாமா, பெரியப்பா, கலெக்டர், யாரும் கூடாது. உட்காரு!"

உட்கார்ந்துவிட்டாள். ஒரு விஷயமாவது ஒரே தரத்தில் புரிந்ததே என்று எனக்கு அற்ப சந்தோஷம்.

சில நாள் கழித்து ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரி, வரவேற்புப் பாட்டுக்கு வரிசையில் நிறுத்தி வைத்திருந்தேன். ஜட்கா வண்டி வாசலில் நின்ற சத்தம் கேட்டது. நாங்கள் பாட ஆரம்பித்தோம். பாட்டு முடிந்தும் யாரும் உள்ளே வரவில்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தால், வண்டி திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருந்த மனிதர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார்.

பெரிய டீச்சர் மூச்சிரைக்க ஓடி வந்து கதவோரம் நின்றுவிட்டார். "யாருக்கு அம்மை? என்கிட்ட ஏன் சொல்லல?"

வெளியே போய்ப் பார்த்தேன். கதவின் தாழ்ப்பாளில் ஒரு கொத்து வேப்பிலை, பச்சை ரிப்பனால் கட்டியிருந்தது. வகுப்புக்குள் திரும்பினேன். அந்தப் பெண்ணின் ஒரு பின்னல் அவிழ்ந்து கிடந்தது.

"நீதானா?"

"ஆங் டீச்சர்."

"ஏண்டி கட்டினே?"

"மாமா வருதாம். என்ன அம்மையார்குப்பத்துக்கு இட்டுகினு போவுதாம். தறி ஊட்ல நூலு தார் சுத்தணுமாம். நான் போவ மாட்டேன். வேப்பில கட்டினா மாமா கூட வரக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

வேப்பிலையை அவிழ்த்துப் பெரிய டீச்சரிடம் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். அன்றோடு அடையாளப் பாடம் நின்றது.

அதோடு முடியவில்லை. இன்ஸ்பெக்டர் போகிற வழியில் தாலுகா ஆபீசில் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. மறுநாளே அம்மை குத்துகிறவர் வந்துவிட்டார். பள்ளிக்கூடம் முழுக்க ஓலம். பயப்படாதீர்கள் என்று காட்டுவதற்காக முதலில் என் கையை நீட்டினேன். நான் முகம் சுளித்ததைப் பார்த்து மிச்சம் இருந்தவர்களும் ஓடினார்கள். ஒவ்வொருவராகத் துரத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

என் கை வீங்கி, காய்ச்சலும் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த மாமா வந்தார். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பு வாசலில் தயங்கி நின்றார். பாவம், சாதுவான மனிதர்.

"பொண்ண இட்டுகினு போலாம்னு வந்தேங்க டீச்சரம்மா. ஊட்ல ஆளில்ல. பொம்பளப் புள்ள படிச்சு இன்னா ஆவப்போது?"

ஒரு மாதமாக எனக்குள் சேர்ந்திருந்த அத்தனையும் அவர் தலையில் இறங்கியது. "இன்னா ஆவப்போதா? உங்க பொண்ணு என்னா காரியம் பண்ணிச்சு தெரியுமா? இன்ஸ்பெக்டரையே திருப்பி அனுப்பிட்டுது! இந்தப் பள்ளிக்கூடத்துல நான் சொன்னது ஒரே ஒரு புள்ளைக்குத்தான் புரிஞ்சுது, அதையும் இட்டுகினு போயிடுவீங்களா? பரீட்சை முடியற வரைக்கும் அனுப்ப மாட்டேன். போங்க!"

என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"கத்தாதீங்கம்மா. பரீச்ச முடிஞ்சே வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சொன்னபடி வந்தார். கோடை விடுமுறையில் அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார் என்று பூக்கடையில் அவள் அம்மா சொன்னாள். நான் பூ வாங்காமலே ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. புதுப் பிள்ளைகள் அழுகையும் மூக்கொழுகலுமாக என் வகுப்பில் நிறைந்திருந்தார்கள். மத்தியானம் இரண்டாம் வகுப்பு டீச்சர் சோற்றுப் பாத்திரத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சாப்பிடாமல் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க வகுப்புல இருந்து ஒரு பொண்ணு வந்திருக்கே, அம்மையார்குப்பம் போயிட்டு வந்துதாமே. தார் சுத்தச் சொன்னா நூலையெல்லாம் சிக்காக்கிட்டு, கேள்வி மேல கேள்வியா கேட்டுச்சாம். அவங்க மாமாவே கொண்டுவந்து உட்டுட்டுப் போனாராம்" என்றார். "காலையில இருந்து என் உயிர வாங்குது. எப்படிங்க ஒரு வருஷம் வச்சுகினு இருந்தீங்க?"

நான் என் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.