பூஜையில் வைத்த ரைபிள்

என் வீட்டுக்காரர் தேயிலை ஆலையில் பிட்டர். எந்த இரும்பைக் கொடுத்தாலும் அரத்தால் ராவிப் பொருத்திவிடுவார். அந்தத் திமிர் அவருக்கு உண்டு, அவரைவிட எனக்கு அதிகம். குழாயடியில் நின்றுகொண்டு, "இவரு கைக்கு அடங்காத இரும்பு இந்த மலையிலயே இல்ல லா" என்று நான் அளந்ததை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

எழுபதுகளின் கடைசி. வெள்ளைக்காரர் போய், தோட்டத்து மேனேஜராக நம்மவரே துரையாக வந்திருந்தார். நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த சரிவில் எல்லாக் குடும்பமும் சர்க்கரைவள்ளி போட்டிருந்தது. மாதக் கடைசியில் பாதிச் சாப்பாடு அதுதான். காட்டுப்பன்றிகளை விரட்ட இருந்தது துரையின் ரைபிள் ஒன்றுதான். அதன் மேகசின், அதாவது தோட்டா அடைக்கும் சின்னப் பெட்டி, துருவேறிப்போயிருந்தது. துரை ஈப்போ டவுனில் வேறொன்று வாங்கி வந்தார், அது ரைபிளில் சேரவில்லை. சரியானது வரும்வரை பழையதை வைத்தே சமாளிக்கலாம் என்று, துடைத்து எண்ணெய் போட்டுத் தரச் சொல்லி ரைபிள், இரண்டு மேகசின் எல்லாவற்றையும் இவரிடம் கொடுத்தார். லைசென்ஸ் துப்பாக்கியை இன்னொருவர் கையில் கொடுக்கவே கூடாது. நம்பிக் கொடுத்தார்.

துடைக்கத்தான் கொடுத்தார். இவர் அரத்தை எடுத்தார். புதிய மேகசின் நுழையட்டும் என்று, ரைபிளில் அது உட்காரும் பொந்தையே அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து ராவினார், நான் பக்கத்தில் இருந்து கோப்பி ஆற்றிக் கொடுத்தேன். கடைசியில் புதியது உள்ளே போய் உட்கார்ந்தது. அதற்குள் பழையது நிற்க முடியாத அளவுக்கு இரும்பு தேய்ந்திருந்தது.

"பழசு எதுக்கு இனிமே?" என்றார்.

மறுநாள் ஆயுத பூஜை. ஆலையில் சுத்தியல், ஸ்பேனர், கவாத்துக் கத்தி வரிசையில் ரைபிளையும் வைத்தோம். சந்தனமும் குங்குமமும் நான்தான் வைத்தேன், பூச்சரமும் சுற்றினேன். துரை வந்து பார்த்தார். "அட, சேந்துடுச்சா? கெட்டிக்காரன்யா நீ!" என்று எல்லார் முன்னாலும் இவர் தோளைத் தட்டினார். எனக்குக் கால் தரையில் இல்லை. சுட்டுப் பார்க்கலாமே என்று யாரோ சொன்னார்கள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது என்பது வழக்கம். துரையும் அதை மீறவில்லை.

மறுநாள் சாயங்காலமே பன்றிகள் கூட்டமாக இறங்கின. லைனே வாசலில் கூடி நின்று பார்த்தது. துரை குறி வைத்து ஒரு வெடி சுட்டார், எதன்மேலும் படவில்லை. அந்த அதிர்வில் மேகசின் கழன்று அவர் காலடியில் விழுந்தது. எடுத்துச் சொருகினார், மறுபடி விழுந்தது. பழையதைச் சொருகிப் பார்த்தார், அதுவும் நிற்கவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பன்றிகள் அவசரமே இல்லாமல் கிழங்கைத் தோண்டித் தின்றன.

இனி உதவாது என்று துரை ரைபிளைத் தானா ராத்தா டவுன் போலீஸில் ஒப்படைத்தார். யார் கை வைத்தது என்று கேட்டதற்குத் தானே செய்ததாகச் சொல்லிவிட்டார் என்று அவருடைய டிரைவர் வந்து சொன்னார். இவருக்கு வேலை போகவில்லை. போயிருந்தால்கூட நாங்கள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்திருப்போமோ என்னவோ. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பன்றிகள் மிச்சம் வைத்த கிழங்கிலும் பக்கத்து வீட்டு அக்கா எப்போதும்போல எனக்கு ஒரு பங்கு கொண்டுவந்தார். "எடுத்துக்கடி, பிள்ளைங்க திங்கட்டும்" என்றார். வாங்கும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அதன்பிறகு குழாயடிக்கு எல்லாரும் போய் வந்த பின்புதான் போனேன்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஆலைக்குக் கொண்டுபோக, இவருடைய சாமான்களை வீட்டிலேயே கழுவித் துடைத்து வரிசையாக வைத்தேன். அரத்துக்குச் சந்தனம் வைக்கப் போனபோது, அதை என் கையிலிருந்து வாங்கி, துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"அது வேணாம்" என்றார். "எல்லாரும் வருவாங்க."